மெட்ஃபார்மின் மாத்திரைக்கு வயிற்றைப் பழக்குவது எப்படி?

பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்காகச் செல்லும் பெண்களுக்குச் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் எழுதித் தரப்பட்டால், "எனக்குச் சர்க்கரை நோய் இல்லையே!" என்ற குழப்பம் மருந்துக்கடையிலேயே தொடங்கிவிடும். உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது கணையம் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த மிகுதி சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்தன்மை ஹார்மோனைப் பெருக்குவதால், முட்டை முழுமையாக வளர்ந்து வெளிவருவது தடைபடுகிறது. மெட்ஃபார்மின் குறைக்க முயல்வது இந்த இன்சுலின் மிகுதியைத்தான் என்பதால், இரத்தச் சர்க்கரை இயல்பாக உள்ளவர்களுக்கும் அது தரப்படுகிறது.

முதல் படி, தொடங்கும் முன் சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை. இம்மருந்து சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால் இதைத் தவிர்க்கக் கூடாது.

இரண்டாவது படிதான் பலரும் சறுக்கும் இடம். வழக்கமாக இரவு உணவுடன் 500 மி.கி. மாத்திரை ஒன்றில் தொடங்கி, வயிறு ஏற்றுக்கொண்ட பிறகு ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை 500 மி.கி. வீதம் உயர்த்தி, நாளொன்றுக்கு 1500 முதல் 2000 மி.கி. வரை மருத்துவர் கொண்டுசெல்வார். குமட்டல், வயிற்றுப்போக்கு, வாயில் உலோகச் சுவை ஆகியவை தொடக்க வாரங்களில் வரக்கூடும். பெரும்பாலும் நாளடைவில் தணிந்துவிடும். வெறும் வயிற்றில் விழுங்காமல், இரண்டு இட்லி சாப்பிட்டபின் மாத்திரையைப் போட்டு, மீதியைத் தொடர்ந்து சாப்பிடுவது நல்லது. அந்த வாரங்களில் எண்ணெய் மிதக்கும் பரோட்டா சால்னாவைத் தள்ளிவைக்கலாம். அளவு கூடியதும் தொல்லை மிகுந்தால், முந்தைய அளவிலேயே சில நாட்கள் நிற்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகை பலருக்கு எளிதாக இருக்கிறது. அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. மலத்தில் அதன் கூடு முழுதாகத் தெரிந்தாலும் மருந்து உள்ளே சேர்ந்துவிட்டது என்பதால் அஞ்ச வேண்டாம்.

கடும் வாந்தி, வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றினாலோ, சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் இருந்தாலோ, மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று உடனே கேட்டறியுங்கள். நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். கை கால் மரத்துப்போனால் அதைச் சோதித்துப் பாருங்கள்.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் இதை மட்டும் நம்பியிருப்பது சரியன்று என்பது என் கருத்து. 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மெட்ஃபார்மின் மட்டும் உட்கொண்ட பெண்களில் சுமார் 7 விழுக்காட்டினரும், முட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் மருந்தை உட்கொண்டவர்களில் 22 விழுக்காட்டிற்குச் சற்று மேலானோரும் குழந்தை பெற்றனர். இன்று கருமுட்டையை வெளிப்படுத்த முதலில் பரிந்துரைக்கப்படுவது லெட்ரோசோல். அதே சமயம், மாதவிடாய் சீராகும் முன்பே முட்டை வெளிப்படத் தொடங்கலாம் என்பதால், இப்போது குழந்தை வேண்டாம் என்பவர்கள் கருத்தடையைக் கைவிடக் கூடாது. கருத்தரித்தது தெரிந்தால், மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை நீங்களே முடிவு செய்யாமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.