ஏல நோட்டீஸ் வந்த வீட்டு வாசலில் நிற்கும் புரோக்கர்

வீட்டுக் கடன் பாக்கி 90 நாளைத் தாண்டினால் வங்கி அதை வாராக்கடனில் சேர்த்துவிடும். பிறகு, அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். அந்தக் கெடுவும் போனால் சுவாதீன அறிவிப்பு, அதாவது வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டது என்ற அறிவிப்பு. அதை வீட்டிலும் ஒட்டுவார்கள், இரண்டு நாளிதழ்களிலும் போடுவார்கள். பெயர், சொத்து விவரம், பாக்கித் தொகை எல்லாம் அதில் இருக்கும். "பேங்க்ல நமக்கு ஆள் இருக்கு, ஏலத்தை நிறுத்திடலாம்" என்று முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்றால், பெரும்பாலும் அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் வந்திருப்பார். தெய்வமாகப் பார்த்து அனுப்பிய ஆள் என்று அவரை நம்பிவிடாதீர்கள்.

பாக்கியைக் குறைத்து ஒரே தவணையில் கணக்கை முடித்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பார். கொடுக்காதீர்கள். அந்தச் சலுகையைத் தருவதும் மறுப்பதும் வங்கியின் முடிவு; வெளியாள் யாரும் உத்தரவாதம் தர முடியாது. நீங்களே கிளை மேலாளருக்கு மனு எழுதலாம், செலவில்லை. பதில் வங்கியின் கடிதத்தாளில் வர வேண்டும், பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போக வேண்டும்.

வீட்டையே பறிகொடுக்க வைப்பது அடுத்த தவறு. "பாக்கியை நான் கட்டிடறேன், செக்யூரிட்டிக்கு ஒரு கிரயம் மட்டும் எழுதிக் கொடுங்க, பணம் வந்ததும் திருப்பி எழுதித் தரேன்" என்பார்கள். பத்திரத்தில் "கிரயத் தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி இருக்கும். சார்பதிவாளர் "பணம் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டால் "வாங்கிட்டேன்" என்று சொல்லும்படி முன்பே சொல்லிக் கூட்டி வந்திருப்பார்கள். வீடு அம்மா பேரில் இருந்தால், ஒரு வரிகூடப் படிக்காமல் அவர் விரல் ரேகை வைப்பார். அந்த நிமிடத்திலிருந்து ஆவணப்படி அது விற்ற வீடு. திருப்பி எழுதித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லாவிட்டால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(சி) பிரிவு அதை அடமானமாக ஏற்காது. வாய்ப்பேச்சையோ தனித்தாளில் எழுதியதையோ வைத்துக்கொண்டு கோர்ட்டில் நிற்பது பெரும்பாடு. விற்கும் அதிகாரம் கொடுக்கிற பொது அதிகாரப் பத்திரமும் இதே ஆபத்துதான். "வெறும் பவர்தானே" என்று யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

"பேங்க் போனை எடுக்காதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்ற பேச்சைக் கேட்டு நோட்டீஸைப் பீரோவில் வைத்துவிடுபவர்கள் நிறைய. புரோக்கர் திருடுவது பணத்தை மட்டுமல்ல, உங்கள் நாட்களையும். 13(2) நோட்டீஸுக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், அதை ஏற்காத வங்கி 15 நாளுக்குள் காரணம் சொல்லியாக வேண்டும். சுவாதீன நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, மதுரை, கோவையில் இருக்கிறது. அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது. பலருக்கு இது தெரிவதில்லை. முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? இன்றைக்கே வில்லங்கச் சான்று எடுத்து, எது பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வெறும் பவர் என்றால், சொத்து கைமாறுவதற்குள் ரத்துப் பத்திரம் பதிவு செய்து அந்த ஆளுக்குப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பவரைத் தன்னிச்சையாக ரத்து செய்வது கடினம். அதற்கும் கிரயத்துக்கும் சிவில் வழக்கறிஞரும் மாவட்டக் குற்றப்பிரிவில் புகாரும் வேண்டும். போகும்போது அந்த நாளிதழ் விளம்பரத்தையும் புரோக்கரின் வாட்ஸ்அப் செய்திகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.