இசைத்தட்டைக் கேட்டால் படத்தின் இசையைக் கேட்டதாகிவிடுமா?

நமக்கு ஒரு பழக்கம் உண்டு. டைட்டிலில் "இசை" என்று ஒரு பெயர் வந்தால் பாட்டும் அவர்தான், ரீரெக்கார்டிங்கும் அவர்தான், கேசட்டில் இருப்பது படத்திலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்வோம். இளையராஜாவையும் ரகுமானையும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது இயல்பான கணக்கு, பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். இதே கணக்கோடு அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ், பிரிட்டனின் ராக் இசைக்குழுக்களான குயின், பிங்க் ஃப்ளாய்ட் மாதிரியான பெரிய பெயர்கள் வெளிநாட்டுப் படங்களுக்குச் செய்த இசையைத் தேடிப் போனால்தான் தடுமாற்றம் வருகிறது. எனக்கும் வந்தது. நல்ல இசையைத் தவறான எதிர்பார்ப்போடு கேட்டுவிட்டு ஒதுக்கிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

அட்டையில் படத்தின் பெயர் இருக்கிறது என்பதற்காக, உள்ளே இருப்பதெல்லாம் அந்தப் படத்தின் இசை என்று நம்புவது முதல் தவறு. 1989-இல் வந்த டிம் பர்ட்டனின் 'பேட்மேன்' படத்தை எடுத்துக்கொள்வோம். பார்த்தவர்கள் மனதில் நிற்பது அந்த இருண்ட, கம்பீரமான ஆர்கெஸ்ட்ரா இசை. அதை எழுதியவர் டேனி எல்ஃப்மன். ஆனால் அந்த ஜூனில் 'பேட்மேன்' என்ற பெயரில் முதலில் கடைக்கு வந்தது பிரின்ஸின் ஆல்பம், எல்ஃப்மனின் இசை ஆகஸ்டில் தனியாகத்தான் வந்தது. நான் முதலில் பிரின்ஸின் ஆல்பத்தைப் போட்டுவிட்டு அந்தத் தீம் எப்போது வரும், எப்போது வரும் என்று கடைசிப் பாட்டு வரை காத்திருந்தேன். வரவே இல்லை. அது மட்டுமல்ல, பிரின்ஸின் பாட்டுகளிலும் படத்தில் கணிசமாகக் கேட்பது சிலதுதான்: ஜோக்கரும் ஆட்களும் மியூசியத்தில் புகுந்து ஓவியங்களை நாசம் செய்யும்போது வரும் 'பார்ட்டிமேன்', பிறகு ஊர்வலக் காட்சியில் 'டிரஸ்ட்'. அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன 'பேட்டான்ஸ்' படத்தில் எங்குமே கிடையாது. அதனால் ஆல்பம் ஏமாற்று வேலை என்று ஆகிவிடாது. படத்தின் வசனங்களை எடுத்துக் கோத்து, ஒரு பாட்டில் ஜோக்கராகவும் இன்னொன்றில் பேட்மேனாகவும் நின்று பிரின்ஸ் பாடிய தனி வேலை அது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒரே கதை இரண்டு பேர் தலைக்குள் எப்படி ஓடியிருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது, இல்லாத ஆல்பத்தைத் தேடி அலைவது. 1986-இல் வந்த 'ஹைலேண்டர்' படத்துக்குக் குயின் பாட்டுகள் செய்தார்கள், பின்னணி இசை மைக்கேல் கேமன். படம் வந்தபோது இரண்டையும் சேர்த்து அதிகாரபூர்வமாக ஒரு ஆல்பம் போடவே இல்லை. பாட்டுகளில் பெரும்பாலானவை அதே ஆண்டு குயின் வெளியிட்ட 'எ கைண்ட் ஆஃப் மேஜிக்' ஆல்பத்துக்குப் போய்விட்டன. அதிலும் தலைப்புப் பாட்டு, படத்தின் முடிவில் ஒலிப்பது ஒரு மாதிரி, ஆல்பத்தில் இருப்பது வேறு மாதிரி. ஆகவே "படத்தில் கேட்டது இது இல்லையே" என்று தோன்றினால் உங்கள் காது சரியாகத்தான் வேலை செய்கிறது.

அப்புறம், புகழ்பெற்ற பெயர் ஒன்று இருந்தால் மொத்தத்தையும் அவர்கள் கணக்கில் எழுதிவிடுவது. 1977-இல் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தின் இசைத்தட்டை, பீ ஜீஸ் என்ற பாடகர் குழுவின் ஆல்பம் என்றே பலர் சொல்கிறார்கள். அவர்களுடைய பாட்டுகள்தான் அதன் முதுகெலும்பு, மறுக்கவில்லை. ஆனால் அந்த இரட்டைத் தட்டில் டிராம்ப்ஸ் இருக்கிறார்கள், கேசி அண்ட் தி சன்ஷைன் பேண்ட் இருக்கிறார்கள், படத்தின் பின்னணி இசையமைப்பாளர் டேவிட் ஷைரின் இசையும் இருக்கிறது. பின்அட்டையையும் ஒருமுறை படிக்கலாம்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இனி சொல்லப்போவது. இசை எப்போதும் படத்தின் பக்கம்தான் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள். 1972-இல் வந்த 'சூப்பர் ஃப்ளை', கொக்கைன் விற்கும் ஒருவன் கடைசியாக ஒரு பெரிய வியாபாரம் செய்துவிட்டு இந்தத் தொழிலைவிட்டு விலகப் பார்க்கும் கதை. அவன் உடுப்பும் காரும் நடையும் திரையில் அவ்வளவு கவர்ச்சி. போதை வியாபாரத்தை அழகாகக் காட்டுகிறது என்று படத்தை அப்போதே கண்டித்தார்கள். இசையமைத்த கர்டிஸ் மேஃபீல்டுக்கும் அந்த உறுத்தல் இருந்தது, அவர் அதற்குப் பதிலைப் பாட்டு வரிகளில் வைத்தார். படத்தில் ஃப்ரெடி என்று ஒருவன், பலவீனமானவன், எல்லோராலும் பயன்படுத்தப்பட்டுச் செத்துப்போகிறான், கதை அவனைத் தாண்டிப் போய்விடுகிறது. மேஃபீல்டோ அவன் சாவுக்காகவே 'ஃப்ரெடிஸ் டெட்' என்று ஒரு பாட்டு எழுதினார். அது படத்தில் வெறும் வாத்திய இசையாகத்தான் வருகிறது, அதன் வரிகள் ஆல்பத்தில் மட்டும்தான். படத்தை மட்டும் பார்த்தவருக்கு அந்த ஒப்பாரி காதில் விழாமலே போய்விடும், ஆல்பத்தை மட்டும் கேட்டவருக்கோ யாருக்காக அழுகிறார் என்பது முழுதாகத் தெரியாது. இந்த ஒன்றையாவது வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தாளம் ஆட வைக்கும், பின்னால் ஒலிக்கும் குரல் எச்சரித்துக்கொண்டே இருக்கும்.

ஷஃபிளில் போடுவது சின்னத் தவறு, ஆனால் சில ஆல்பங்களைக் கொன்றுவிடும். குயின் 1980-இல் செய்த 'ஃப்ளாஷ் கார்டன்' தட்டில் முழுதாகப் பாடப்பட்ட பாட்டுகள் முதலிலும் கடைசியிலுமாக இரண்டுதான். நடுவில் எல்லாம் சிறுசிறு வாத்தியத் துண்டுகள், இடையிடையே படத்தின் வசனங்கள். வரிசையாகக் கேட்டால் ஒலிச்சித்திரம் கேட்கிற சந்தோஷம். கலைத்துப் போட்டால் ஒன்றும் புரியாது. (பீட்டில்ஸின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1964-இல் பிரிட்டனில் வந்த பதிப்பும் அமெரிக்கப் பதிப்பும் ஒன்றில்லை. பிரிட்டிஷ் பதிப்பில் 13 பாட்டுகள், அமெரிக்கப் பதிப்பில் ஜார்ஜ் மார்ட்டினின் ஆர்கெஸ்ட்ரா வடிவங்கள் சிலவும் கலந்திருக்கும்.)

படத்துக்காகச் செய்தது என்றாலே இரண்டாந்தரம் என்று தாண்டிப் போவதையும் நிறுத்த வேண்டும். பிங்க் ஃப்ளாய்ட் 1972-இல், பின்னால் உலகப் புகழ்பெறப்போகும் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசையை மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், நடுவே பிரான்சில் உள்ள ஒரு பழைய மாளிகை ஸ்டுடியோவுக்குப் போய், பார்பெ ஷ்ரோடர் இயக்கிய 'லா வாலே' படத்துக்கான இசையை மளமளவென்று பதிவுசெய்தார்கள். அதுதான் 'ஆப்ஸ்க்யூர்ட் பை கிளவுட்ஸ்'. யோசித்து யோசித்து மெருகேற்ற நேரம் இல்லாததால் பாட்டுகள் எல்லாம் நேரடியாக, சுருக்கமாக இருக்கும், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பிரிட்டிஷ் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 'பேஷன்' ஆல்பம் விஷயத்தில் தவறு வேறு விதம். அட்டையில் ஒரே பெயர் இருப்பதால் ஒரே ஆளின் வேலை என்று எண்ணுவது. மார்ட்டின் ஸ்கார்செசி இயக்கிய 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' படத்துக்காகச் செய்த இசை அது, படம் 1988-இல் திரைக்கு வந்தது. கேப்ரியல் அதோடு நிறுத்தாமல் மேலும் சில மாதங்கள் உழைத்து 1989-இல்தான் ஆல்பத்தை வெளியிட்டார், எனவே படத்தில் கேட்டதைவிட அதில் கூடுதலாகவே இருக்கிறது. உள்ளே பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடுகிறார், செனகலின் யூசூ என்டூர் பாடுகிறார். சென்னையில் பிறந்த எல். சங்கர் தன் இரட்டை வயலினை வாசிக்கிறார். சின்ன எழுத்தில் இருக்கும் இந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு மறுபடி கேளுங்கள். கேப்ரியல் தான் எங்கிருந்தெல்லாம் எடுத்துக்கொண்டார் என்பதை மறைக்கவும் இல்லை, அந்த மூல இசையையும் உடன் வாசித்தவர்களின் இசையையும் தொகுத்து 'பேஷன் சோர்சஸ்' என்று அதே ஆண்டில் இன்னொரு தட்டும் போட்டார்.