சாக்குத்துணியில் சாமி வரைகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பழைய சணல் சாக்கில் தென்மாவட்டக் காவல் தெய்வம் சுடலைமாடனை வரைந்துவிட்டால் அது தானாகவே நாட்டார் ஓவியம் ஆகிவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. கதை தெரியாமல் இணையத்தில் கிடைத்த மீசையையும் வெள்ளைக் குதிரையையும் போட்டால் மதுரைப் பக்கத்துக் கருப்பசாமிதான் வந்து நிற்பார். திருநெல்வேலிப் பக்கம் பல சுடலை கோவில்களில் உருவமே கிடையாது, மேலே குறுகிப்போகும் பூடம் (பீடம்) மட்டும்தான், அதையே வரையலாமே! ஆள் உருவம்தான் வேண்டும் என்றால் கோவில் திருவிழாவான கொடைக்குப் போய் சாமியாடியைப் பாருங்கள், சல்லடம் என்கிற அரைக்கால் சட்டை, குல்லாய், கையில் வல்லயம் என்கிற ஈட்டி, ராத்திரி வேட்டைக்குக் கிளம்பும்போது தீப்பந்தம். போட்டோ எடுக்கும் முன் கோவில்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்படியே வில்லுப்பாட்டையும் முழுசாக உட்கார்ந்து கேளுங்கள். விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை சுடுகாட்டில் பிணம் தின்றதால் கயிலாயத்தை விட்டு அனுப்பப்பட்ட கதையில் பத்துப் படத்துக்கு விஷயம் இருக்கிறது.

இசக்கி அம்மனை காலண்டர் லட்சுமி மாதிரி சிரிக்க வைக்காதீர்கள். கையில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை என்று நிற்கிறவள், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறவர்களும் அவளிடம்தான் வருகிறார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் இசக்கி.

எனக்குக் கோபமே வருவது முத்துப்பட்டன் விஷயத்தில்தான். பிராமணப் பிள்ளை, செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்தெறிந்து செருப்புத் தைத்தவன், மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயன் என்று கும்பிடப்படும் அவனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. அந்தச் செருப்பை விட்டுவிட்டு வாளும் கிரீடமுமாக வரைந்தால் அது எவனோ ஒரு ராஜா.

சரி, துணிக்கு வருவோம். எண்ணெய் வண்ணத்தை நேராகச் சணலில் பூசாதீர்கள், நாளாக ஆக நார் இற்று ஒடியும். சாக்கைத் துவைத்துக் காயவைத்து, சட்டத்தில் இழுத்து அடித்து, தண்ணீர் கலந்த பெவிகால் பூசி, காய்ந்தபின் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு, அதற்கு மேல் அக்ரிலிக் வண்ணம். ஜெஸ்ஸோவை மெத்திவிட வேண்டாம், இழையே தெரியாவிட்டால் சாக்கு எதற்கு? யூரியா மூட்டை பிளாஸ்டிக், அதில் வண்ணம் ஒட்டாது. சாமிக்குப் பூசும் மஞ்சணையின் நிறம் வரட்டும் என்று நிஜ மஞ்சள்பொடியைக் குழைத்துப் பூசாதீர்கள், வெளிச்சம் பட்டால் சீக்கிரமே வெளுத்துவிடும்.