நோயிலிருந்து மீண்டு, நிதி திரட்ட சைக்கிள் ஓட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கீமோ முடிந்து தலையில் முடி முளைக்க ஆரம்பித்ததுமே பலருக்கு ஒரு வேகம் வந்துவிடுகிறது. பிழைத்துவிட்டோம், யாருக்காவது ஏதாவது செய்ய வேண்டும், சைக்கிளை எடுத்துக்கொண்டு இங்கே மலேசியாவில் பினாங்குத் தீவை ஒரு சுற்றுச் சுற்றி நோயாளிகளுக்குப் பணம் திரட்டலாம் என்று. நானும் அப்படித்தான் கிளம்பினேன். எனக்கு வந்தது நிணநீர்ப் புற்றுநோய். அந்த வேகம் நல்லது, அதை யாரும் அணைக்க வேண்டாம். ஆனால் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படாமலேயே தெரிந்துகொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் வேர் ஒரே தவறுதான்: பயணத்தை நேர்த்திக்கடனாக நினைப்பது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்தவர் பாதி வழியில் இறக்கி வைக்கமாட்டார், நமக்கு அது சின்ன வயதிலிருந்தே ஊறிப்போனது. அதே மனத்தோடு சைக்கிளில் ஏறினால், உடம்பு போதும் என்று சொல்வது காதில் விழாது. போதாததற்குக் கிலோமீட்டருக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று வேறு பேசி வைத்துக்கொள்கிறோம். மாமா ஒருவர் எனக்குக் கிலோமீட்டருக்கு 10 வெள்ளி தருவதாகச் சொல்லியிருந்தார். தெலுக் பஹாங் அணையைத் தாண்டி மேடு ஏறும்போது நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கண் இருட்டுகிறது, நான் என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் தெரியுமா? இன்னும் 50 கிலோமீட்டர் இருக்கிறது, இங்கே இறங்கினால் 500 வெள்ளி போய்விடுமே என்று. பின்னால் வந்த நண்பன்தான் சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, சாலையோரத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். மறுநாள் மாமாவிடம் சொன்னேன். "பைத்தியமா உனக்கு? வீட்டிலேயே படுத்திருந்தாலும் கொடுத்திருப்பேனே" என்று திட்டினார்.

அதனால் பணத்தைத் தூரத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். ஒரே தொகையாகக் கேளுங்கள், முடிந்தால் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். அப்புறம் வழியில் பாலிக் பூலாவ் ஊரிலேயே நிறுத்திவிட்டு வேனில் ஏறினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்தது, போஸ்டரில் தேதி போட்டுவிட்டு மருத்துவரிடம் போவது. சைக்கிள் ஓட்டலாமா என்று பொதுவாகக் கேட்டால் ஓட்டுங்கள், நல்லதுதான் என்பார். அவர் மனத்தில் இருப்பது தாமானை, அதாவது குடியிருப்பைச் சுற்றி வரும் சைக்கிள். ஏறக்குறைய 70 கிலோமீட்டர், நடுவில் மலைமேடு, மேலே வெயில் என்று வழியையே காட்டிக் கேளுங்கள். எனக்கு ஏற்றிய மருந்துகளில் சிவப்பாக ஒன்று இருந்தது, டாக்ஸோரூபிசின். சிலருக்கு அது இதயத் தசையைப் பலவீனமாக்கும், பல ஆண்டுகள் கழித்துக்கூடத் தெரியவரலாம், ஆகவே எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். இன்னொன்று வின்கிரிஸ்டின், நரம்பைப் பாதிப்பது. விரல் நுனி மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போடவே தடுமாறிய எனக்கு, இறக்கத்தில் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறேன் என்று தெரியவில்லை. பிடித்துவிட்டதாக நினைக்கிறேன், சைக்கிள் ஓடிக்கொண்டே இருக்கிறது. டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளுக்கு மாறி, ஆளில்லாத கார் நிறுத்துமிடத்தில் பல வாரம் பழகிய பிறகுதான் சாலைக்கே வந்தேன். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்கள் கை வீங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பணத்தைச் சொந்த வங்கிக் கணக்கில் வாங்காதீர்கள். நான் என் கியூஆரையே போஸ்டரில் போட்டேன். மீன் வாங்கிய காசும் நன்கொடையும் ஒரே பட்டியலில் கலந்து கிடந்தன. ஒரு அக்கா "என் 50 வெள்ளி போய்ச் சேர்ந்ததா தம்பி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார், எனக்கு முகம் சுண்டிவிட்டது. எந்த அமைப்புக்குக் கொடுக்கப்போகிறீர்களோ அவர்களிடம் முதலில் பேசுங்கள், பணம் நேராக அவர்கள் கணக்குக்கே போகட்டும். வருமானவரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு என்றால் கொடுப்பவருக்கு வரிக்கழிவும் உண்டு. சாலையில் உண்டியல் ஏந்துவதற்கு 1947ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, போலீஸ் அனுமதி வேண்டும்.

வழியைப் பொறுத்தவரை இரண்டு மூன்று விஷயம்தான். பினாங்குப் பாலத்தில் சாதாரண நாளில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது, எதிர்க்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து வருபவர்கள் ஃபெரியில் வாருங்கள். டுரியான் காலத்துச் சனி, ஞாயிறுகளில் பாலிக் பூலாவ் பக்கம் கார்கள் வரிசைகட்டி நிற்கும், அந்தத் தேதிகளைத் தவிருங்கள். இங்கே விடியவே ஏழு மணி தாண்டிவிடும், வெயிலுக்குப் பயந்து ஆறு மணிக்குக் கிளம்பினால் முன்னும் பின்னும் விளக்கு இருக்க வேண்டும்.

கடைசியாக, போஸ்டரில் எழுதும் வார்த்தை. என் முதல் போஸ்டரில் 'மனஉறுதி இருந்தால் புற்றுநோயை வெல்லலாம்' என்று பெரிதாகப் போட்டிருந்தேன். பாலிக் பூலாவ் கோப்பிக்கடையில் ஓர் அம்மா பணம் கொடுக்க வந்தவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "எங்க வீட்டுக்காரருக்கும் மனஉறுதி இருந்துச்சு தம்பி" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அடுத்த போஸ்டரில் அந்த வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், பணம் நோயாளிகளின் எந்தச் செலவுக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறது.