மாரி மழையில் பிள்ளைகளை வீட்டுக்குள் ஓடவிட்டு எட்டரைக்கு நித்திரையாக்குவது எப்படி?

இங்கே மாரியில் குளிர் என்றால் கனடாவில் இருக்கும் தங்கச்சி சிரிக்கிறாள். "20 பாகை ஒரு குளிரா அக்கா?" அவளுக்கென்ன, சூடேற்றிய வீடு. நாங்கள் இருப்பது கிளிநொச்சிப் பக்கம், ஓட்டு இடுக்கால் வாடைக்காற்று வந்துபோகும் வீட்டுத்திட்ட வீட்டில். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கடந்தபோது வன்னியில் மாடுகளே குளிரில் விறைத்துச் செத்தன. அதை மறந்துவிட்டாள் போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூத்தவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நாலரை. முற்றம் முழுக்கச் சேறு, பள்ளிக்கூடமும் விடுமுறை. பகல் முழுக்கப் போர்வைக்குள் போனோடு கிடந்துவிட்டு, இரவு பத்தரைக்கு "அம்மா, கதை சொல்லுங்கோ" என்பார்கள். ஓடியாடினால் நித்திரை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த நேரத்தில் ஓடவிடுவது என்பதில்தான் ஒரு மாரி முழுக்க ஏமாந்தேன்.

படி 1: இடம்

550 சதுர அடி வீட்டில் ஹோல்தான் மைதானம். கதிரைகளைச் சுவரோரம் அடுக்குங்கள். மாரியில் சீமெந்து நிலம் வியர்க்கும். பழைய சாரத்தால் துடைத்து, உங்கள் காலால் உரசிப் பார்த்த பிறகே பிள்ளைகளை இறக்குங்கள். குளிருக்கென்று காலுறை போட்டுவிடாதீர்கள். வெறுங்கால்தான் வழுக்காது.

படி 2: கோடு

வெண்கட்டி போதும். செலோரேப் ஒட்டச் சொல்பவர்கள் ஈர நிலத்தில் ஒருமுறை ஒட்டிப் பார்க்கட்டும். கிளித்தட்டு விளையாட மூன்று கோடு கீறினேன். ஓடக்கூடாது, ஒற்றைக்காலில் கெந்தவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஓடினால் அடுத்த எட்டில் சுவர். கெந்தினால் சின்ன இடத்திலும் மூச்சு வாங்கும். அம்மம்மா நடுவில் கதிரை போட்டு இருந்தபடியே கிளி, அதாவது கோடு தாண்டுபவர்களைத் தொட்டுப் பிடிப்பவர். கையில் பனையோலை விசிறி, விசிறி பட்டால் அவுட். முழங்கால் வருத்தம் என்று எழும்பாத மனுசி, விசிறியை மட்டும் மின்னல் மாதிரி வீசுவார்.

கயிறு அடிப்பதை வீட்டுக்குள் வைக்காதீர்கள். எங்கள் ரியூப் லைற் ஒன்று அப்படித்தான் போனது. பந்து வேண்டுமென்றால் பழைய காலுறைக்குள் துணி திணித்துக் கட்டுங்கள். போனில் பாட்டுப் போட்டு ஆடவிடுவது எனக்குப் பிடிக்காது. ஆட்டம் முடிந்தாலும் போன் கையை விட்டுப் போகாது. நான் தட்டில் தாளம் போடுகிறேன், அவர்கள் கும்மி அடிக்கிறார்கள்.

படி 3: தேங்காய்

குசினி மூலையில் பத்துத் தேங்காய். வாசலுக்குக் கொண்டுபோய் அடுக்கி, திரும்பக் கொண்டுவர வேண்டும். மூத்தவனுக்குக் கைக்கு ஒன்று, சின்னவள் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடப்பாள். வெறுமனே துள்ளுவதைவிடப் பாரம் தூக்கித் திரிந்த நாட்களில்தான் என் பிள்ளைகள் நன்றாக அடங்கியிருக்கிறார்கள்.

எவ்வளவு நேரம்? உலக சுகாதார நிறுவனம் ஐந்திலிருந்து பதினேழு வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்கிறது. மூன்று, நான்கு வயதுக்கு எல்லாமாக 180 நிமிடம், அதில் ஒரு மணித்தியாலமாவது வேகமானதாக இருக்கவேண்டும். பயப்படாதீர்கள், ஒரே மூச்சில் இல்லை. காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். கூட்டுவதும் விறகு அடுக்குவதும் கணக்கில் சேரும்.

படி 4: நேரம் (நான் விழுந்த குழி)

முதல் வருடம் இரவு ஏழரைக்கு விளையாடவிட்டேன். களைத்தவுடன் படுப்பார்கள் என்ற கணக்கு. நடந்தது வேறு. முகம் சிவக்க, கண் விரிய, ஒன்பதரைக்கும் பாயில் குத்துக்கரணம். போதாததற்குச் சின்னவளுக்குத் தடிமனும் (சளி) வந்தது. இன்னும் களைக்கவில்லை என்று நினைத்து மறுநாள் பதினைந்து நிமிடம் கூட்டினேன். இன்னும் மோசம்.

நித்திரை வருவதற்கு உடம்பின் உட்சூடு மெல்ல இறங்கவேண்டும். ஓடினால் அது ஏறும். நெஞ்சுத் துடிப்பும் உற்சாகமும் உடனே அடங்காது. ஆகவே பெரிய ஆட்டத்தை இப்போது நாலரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கு நிறுத்துகிறேன். "இன்னும் ஒரு தரம்" என்று கெஞ்சுவார்கள், விடாதீர்கள்.

அடுத்தது வெந்நீர். மாரியில் பின்னேரம் தோயவார்த்தால் தடிமன் வரும் என்று அம்மம்மா ஒரே சண்டை. கடைசியில் சமாதானம் இப்படி: தலை நனையாமல் ஏழு மணிக்கு இளஞ்சூட்டு நீரில் உடம்பு கழுவி, உடனே துடைத்து, காய்ந்த உடுப்பு. இளஞ்சூட்டு நீர் பட்டால் தோலுக்கு இரத்தம் கூடுதலாக ஓடும். அதன் வழியே உட்சூடு வெளியேறும். சூடாக்கிக் குளிரவைக்கும் வித்தை. வெந்நீர் வைக்க வசதி இல்லாத நாளில் கை, கால், முகம் மட்டும் கழுவிவிடுவேன். பிறகு சாப்பாடு, ஒற்றை லைற், கதை. எட்டரைக்கு அடங்கி ஆறு மணிக்கு எழும்பினால் ஒன்பதரை மணித்தியாலம். மூத்தவனுக்கு அது போதும். சின்னவளை அரை மணித்தியாலம் முந்திப் படுக்கப்போடுவேன்.

பிற்சேர்க்கை: எழுதியதும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

முல்லைத்தீவிலிருந்து ஒரு அக்கா: எல்லாம் செய்தும் மகள் பத்து மணிவரை விழித்திருக்கிறாளாம். விசாரித்தால், மழை இருட்டில் பின்னேரம் நாலு மணிக்கு ஒரு குட்டித் தூக்கம். பகல் நித்திரையை மத்தியானச் சோற்றோடு முடித்து, மூன்று மணிக்குள் எழுப்பச் சொன்னேன். இப்போது பரவாயில்லையாம்.

இன்னொருவரின் மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா). அப்படியென்றால் கிளினிக்கில் கேட்டுவிட்டே தொடங்குங்கள். குளிர்காற்றில் ஓடினால் சிலருக்கு இழுக்கும். விளையாடும் அறையில் நுளம்புத்திரி கொளுத்தவே வேண்டாம், வேகமாக மூச்சு வாங்கும் பிள்ளை அந்தப் புகையைத்தான் இழுக்கும். ஆனால் டெங்கு நுளம்பு அதிகம் கடிக்கும் நேரங்களில் அந்தப் பின்னேரமும் ஒன்று. ஆகவே நீளக்கைச் சட்டை, நீளக்காற்சட்டை. இரவு வலை.

தேங்காயில் ஒன்று வெடித்தால் அன்றைக்குச் சம்பல்.