இயந்திரம் வாங்கினால் போதுமா? ஐரோப்பியத் தொழிற்சாலைகளுக்கான டிஜிட்டல் கொள்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட், 2022-ஆம் ஆண்டில் சிறு, நடுத்தர நிறுவனங்களில் 69 சதவீதம் அடிப்படை டிஜிட்டல் நிலையை எட்டியிருப்பதாகக் கணக்கிட்டது. 2023-இல் அந்தக் கணக்கு 58 சதவீதமாக இறங்கியது. ஓராண்டுக்குள் பத்தில் ஒரு நிறுவனம் கணினிகளை மூட்டை கட்டிவிட்டதா என்றால், இல்லை. அளவுகோலில் உள்ள 12 கேள்விகளில் சில மாறியிருந்தன, அவ்வளவுதான். கேள்வித் தொகுப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அடுத்தடுத்த ஆண்டுகளை நேராக ஒப்பிட இயலாது. ஆனால் 2030-க்குள் சிறு, நடுத்தர நிறுவனங்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை அடிப்படை நிலையை எட்ட வேண்டும் என்ற ஒன்றியத்தின் இலக்கு இந்த அளவுகோலின் மீதுதான் நிற்கிறது.

12 கேள்விகளில் 4-க்கு ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தால் அடிப்படை நிலை கைகூடிவிடும். பணியாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேலைக்கு இணையத்தைப் பயன்படுத்துகிறார்களா, இணைய இணைப்பு நொடிக்கு 30 மெகாபிட் வேகமாவது தருகிறதா, சமூக ஊடகக் கணக்கு உண்டா என்பவை போன்ற கேள்விகளே அதில் மிகுதி. இவை அலுவலக அறையின் கேள்விகள். பற்சக்கரம் வெட்டும் ஒரு பட்டறை, தன் இயந்திரங்களில் ஒன்றைக்கூட இணைக்காமல் இந்தத் தேர்வில் தேறிவிடலாம். கடைக்கும் கணக்காளர் அலுவலகத்துக்கும் பொருந்தும் அளவுகோலை உற்பத்தித் துறைக்கும் அப்படியே வைத்து, அதில் ஏறும் எண்ணைத் தொழிற்சாலையின் மாற்றமாகக் கொள்வது இந்தக் கொள்கைத் துறையின் மூலத் தவறு. கீழே வரும் தவறுகளில் பலவற்றுக்கு இதுவே வேர்: எளிதில் எண்ணக்கூடியது எதுவோ அதற்கே பணம் போகிறது, வாங்கிய பொருளை எண்ணுவது மிக எளிது.

இயந்திரத்துக்கு மட்டும் சலுகை

ஆலை இயந்திரங்களைக் கணினி வலையமைப்பில் இணைத்து இயக்குவதைக் குறிக்கும் ‘இண்டஸ்ட்ரி 4.0’ என்ற சொல் 2011-இல் ஜெர்மனியின் ஹனோவர் தொழிற்கண்காட்சியில் அறிமுகமானது. அடுத்த சில ஆண்டுகளில் நெதர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி, போர்ச்சுகல் எனப் பல நாடுகள் தத்தம் திட்டங்களை வகுத்துக்கொண்டன. அவற்றில் மிக எளிமையானதும் வேகமாகப் பரவியதும் இத்தாலியினுடையது. ஆகவே பாடமும் அதில்தான் அதிகம்.

2016 செப்டம்பரில் அப்போதைய பொருளாதார வளர்ச்சி அமைச்சர் கார்லோ கலெந்தா முன்வைத்த அத்திட்டத்தின்படி, பட்டியலில் உள்ள நவீன இயந்திரத்தை வாங்கும் நிறுவனம் வரிக் கணக்கில் அதன் விலையில் 250 சதவீதம் வரை தேய்மானச் செலவாகக் காட்டலாம். 1 லட்சம் யூரோ கொடுத்து இயந்திரம் வாங்கியவர் 2.5 லட்சத்தைக் கணக்கில் கழித்துக்கொள்வார். கூடுதலாகக் கழியும் 1.5 லட்சத்துக்கு 24 சதவீத நிறுவன வரி மிச்சமாகும்போது, கையில் நிற்பது 36,000 யூரோ. விண்ணப்பப் போட்டி இல்லை, தேர்வுக் குழு இல்லை, காத்திருப்பும் இல்லை. சிறு முதலாளிகளுக்கு இதைவிட உகந்த வடிவம் கிடைப்பது அரிது.

சலுகையைப் பெற ஒரு நிபந்தனையும் இருந்தது. இயந்திரம் ஆலையின் கணினி அமைப்போடு இணைந்திருக்க வேண்டும். வேலைக்கான நிரலைத் தொலைவிலிருந்தே அதில் ஏற்ற முடிய வேண்டும். 5 லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்குப் பொறியாளர் ஒருவரின் உறுதிமொழிச் சான்று தேவை. அதற்குக் கீழே உரிமையாளரின் சொந்த உறுதிமொழியே போதும். நல்ல நிபந்தனைதான். ஆனால் இணைப்பு இருக்கிறதா என்று கேட்ட சட்டம், இணைப்பின் வழியே என்ன ஓடுகிறது என்று கேட்கவில்லை.

ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். கணினி நிரலால் உலோகம் வெட்டும் புதிய ஐந்து அச்சு சிஎன்சி இயந்திரம் ஒன்று, அதன் பக்கத்தில் 20 வயதான மூன்று இயந்திரங்கள். புதியது இணைக்கப்பட்டுச் சான்றும் கிடைத்துவிட்டது. ஆனால் வேலை நின்று தேங்கும் இடம் பழைய அரைப்பு இயந்திரம். அது எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மணி நேரம் சும்மா நின்றது என்பது ஷிப்ட் முடிவில் பென்சிலால் எழுதும் தாளில்தான் இருக்கிறது. அந்த இயந்திரத்தின் மோட்டாரில் பாயும் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் ஒன்றையும், அதைப் படிக்கும் சிறு பெட்டி ஒன்றையும் மாட்டினால், தேக்கம் எங்கே என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். இதற்கு 2,000 யூரோ ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதே விதியின்படி கிடைக்கும் வரி மிச்சம் 720 யூரோ. பழைய இயந்திரத்தைப் புதுப்பிப்பதற்கும் அச்சட்டத்தில் இடம் இருந்தது என்பது உண்மையே. ஆனால் செலவு கூடக் கூடச் சலுகையும் கூடும் அமைப்பில், கணக்காளர் எதைப் பரிந்துரைப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இயந்திரம் விற்பவரின் பிரதிநிதியும் அதையேதான் சொல்லுவார்.

மென்பொருளுக்கான 140 சதவீதச் சலுகையோ, பெரிய சலுகைக்குரிய இயந்திரத்தையும் வாங்கியவருக்கே முதலில் கிடைத்தது. பயிற்சிச் செலவுக்கு 2018-இல் தனியாக வந்த வரிக் கழிவு 2022-ஓடு முடிந்துவிட்டது. இயந்திரங்களுக்கான சலுகை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. இந்த வரிசையே போதும், முன்னுரிமை எதற்கு என்று புரிந்துகொள்ள. இலாபம் இல்லாத நிறுவனத்துக்குத் தேய்மானத்தால் பயனில்லை என்ற குறையை மட்டும் 2020-இல் சரிசெய்தார்கள். தேய்மானம், இலாபம் இல்லாவிட்டாலும் பயன்படும் வரி வரவாக மாறியது.

எளிமையைத் தொலைப்பது

ஒரு கருவி நன்றாக வேலை செய்தால், அதன் தலையில் இன்னும் இரண்டு நோக்கங்களை ஏற்றிவைக்கும் ஆசை அரசுகளுக்கு வரும். இத்தாலியின் அடுத்த சலுகைத் திட்டமான ‘டிரான்சிட்சியோனே 5.0’ அதற்கு உதாரணம். அதில் இயந்திரத்தை இணைத்தால் மட்டும் போதவில்லை. அந்த முதலீட்டால் ஆலையின் ஆற்றல் நுகர்வு குறைந்தது 3 சதவீதமோ, குறிப்பிட்ட உற்பத்திச் செயல்முறையின் நுகர்வு 5 சதவீதமோ குறைய வேண்டியிருந்தது. அதை முதலீட்டுக்கு முன்பு ஒரு சான்றும் பின்பு ஒரு சான்றும் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. அவசரச் சட்டம் 2024 மார்ச்சில் வந்தது. நடைமுறை விதிகள் ஆகஸ்டில்தான் வந்தன. ஒன்றியத்தின் கொரோனாவுக்குப் பிந்தைய மீட்பு நிதியிலிருந்து பணம் வந்ததால், 2025 இறுதிக்குள் முதலீடு முடிந்தாக வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் தொடங்கிய இரண்டாண்டுச் சாளரத்தில் ஏழு மாதங்கள் விதிகளுக்காகக் காத்திருந்தே கழிந்தன. சுமார் 6.3 பில்லியன் யூரோ ஒதுக்கியும் நெடுநாள் விண்ணப்பங்கள் மந்தமாகவே வந்தன. ஆற்றல் சிக்கனம் தேவையற்றது என்பது என் வாதமல்ல. 40 பேர் வேலை செய்யும் ஆலையில் இரண்டு வகை நிபுணர்களை அழைத்து, இரண்டு வகைச் சான்று வாங்கி, கெடுவுக்குள் இயந்திரத்தையும் இறக்கி நிறுத்தும் ஆள்பலம் கிடையாது என்பதே.

ஆலோசனை மையம் திறந்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணுவது

ஐரோப்பிய ஆணையம் 2016 ஏப்ரலில் ஐரோப்பியத் தொழில்துறையை டிஜிட்டல்மயமாக்கும் முன்னெடுப்பைத் தொடங்கியது. அதை ஆராய்ந்த ஐரோப்பிய தணிக்கை மன்றம், எந்த விளைவை எட்டுவது, அதை எதைக் கொண்டு அளப்பது என்பதை அந்த முன்னெடுப்பு தெளிவாக்கவில்லை என்று 2020-இல் சுட்டிக்காட்டியது. நிறுவனங்களுக்கு ஆலோசனை தர இப்போது இயங்கும் ஐரோப்பிய டிஜிட்டல் புத்தாக்க மையங்களின் ‘முதலீட்டுக்கு முன் சோதித்துப் பார்’ என்ற கொள்கை சரியானது. ஆனால் எத்தனை பேர் கருத்தரங்குக்கு வந்தார்கள் என்று எண்ணும் மையமும், எத்தனை ஆலைகளின் தளத்தில் இறங்கி நின்றோம் என்று எண்ணும் மையமும் வெவ்வேறானவை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2007-இல் அமைத்த பயிற்சித் தொழிற்சாலையில் காற்றழுத்த உருளைகளை உண்மையாகவே செய்தபடி பாடம் நடக்கிறது. பயிற்சி பெறுபவர் தவறு செய்தால் அது கையிலிருக்கும் பொருளில் தெரியும். இந்த வகைக்குச் செலவு அதிகம், ஆள் எண்ணிக்கை குறைவு. ஆகவே ஆண்டறிக்கையில் இது எடுபடாது.

தரவு யாருடையது என்பதைக் கடைசிக்குத் தள்ளுவது

பல ஆண்டுகளாக, இயந்திரத்தை வாங்கியவரிடம் இயந்திரம் இருந்தது, அது உண்டாக்கும் தரவோ அதைத் தயாரித்த நிறுவனத்தின் கணினியில் இருந்தது. பழுதுபார்க்க வேறொருவரை அழைக்க முதலாளி நினைத்தாலும், பழுதுக் குறிப்புகள் கைக்கு வராது. மானியம் கொடுத்து இணைக்கவைத்த அரசுகள் இந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே தீர்த்திருக்க வேண்டும். ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, 2025 செப்டம்பர் 12 முதல்தான் பொருந்தத் தொடங்கியது. இணைக்கப்பட்ட பொருளின் தரவைப் பெறவும், தான் விரும்பும் மூன்றாமவருக்குக் கொடுக்கச் சொல்லவும் பயனாளருக்கு அது உரிமை தருகிறது. தரவு எளிதில் கிடைக்கும்படி பொருளையே வடிவமைக்க வேண்டும் என்ற விதி, 2026 செப்டம்பர் 12-க்குப் பிறகு சந்தைக்கு வருபவற்றுக்கு மட்டுமே. இத்தாலியச் சலுகை தொடங்கி ஏறக்குறைய பத்தாண்டு கழித்து வருகிறது இது. இடையில் வாங்கிய இயந்திரங்களின் ஆயுளோ 20 ஆண்டுக்கும் மேல்.

இதன் மறுபக்கத் தவறு, பயன் இன்னதென்று தெரியுமுன் மாளிகை எழுப்புவது. 2019-இல் ஜெர்மனி அறிவித்து, பிரான்சும் கைகோத்த கையா-எக்ஸ், ஐரோப்பாவின் சொந்தத் தரவுக் கட்டமைப்பாக விளங்கும் என்று சொல்லப்பட்டது. அமெரிக்க மேகக் கணிமை நிறுவனங்களும் உறுப்பினராயின. தொடக்க உறுப்பினர்களில் ஒன்றான பிரெஞ்சு மேகக் கணிமை நிறுவனம் ஸ்கேல்வே 2021-இல் விலகியது. வாகனத் துறைக்கென எழுந்த தரவுப் பகிர்வு அமைப்பான கட்டேனா-எக்ஸ் சற்று நிலைத்து நிற்பதற்குக் காரணம், ஓர் உதிரிபாகம் எங்கிருந்து வந்தது, அதன் கரிமத் தடம் என்ன என்ற குறிப்பான கேள்விகளுக்கு வாங்குபவரிடமிருந்தே நெருக்குதல் இருப்பதுதான் என்பது என் கணிப்பு.

பாதுகாப்பைப் பிற்சேர்க்கையாக வைப்பது

2019 மார்ச் 19 அன்று, நார்வேயின் அலுமினிய நிறுவனமான நோர்ஸ்க் ஹைட்ரோவை கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் லாக்கர்கோகா என்ற பணயத் தீநிரல் முடக்கியது. அலுவலகத்துக்கு வந்தவர்களை வாசலில் ஒட்டிய தாள் வரவேற்றது: கணினியை வலையமைப்பில் இணைக்க வேண்டாம். நிறுவனம் பணயத் தொகையைக் கொடுக்க மறுத்தது. ஆலைகள் பலவற்றில் கைமுறைக்குத் திரும்பினார்கள். கணினிக்கு முந்தைய காகித நடைமுறையை அறிந்த ஓய்வுபெற்ற ஊழியர்களும் உதவிக்கு வந்தார்கள். காகிதத்தை ஒழிப்பதையே முன்னேற்றத்தின் அளவாகக் கொள்ளும் திட்டங்கள் கவனிக்க வேண்டிய காட்சி இது. மானிய விதியில் ‘இணைப்பு’ என்ற சொல் வரும் இடத்திலேயே, துண்டித்தால் ஆலை எத்தனை நாள் ஓடும் என்ற கேள்வியும் வர வேண்டும்.

தொழிலாளரைக் கடைசியில் கேட்பது

இதில் ஜெர்மனிக்குச் சட்டமே துணை. ஊழியரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கக்கூடிய தொழில்நுட்பக் கருவியை நுழைக்கும்போது, ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் பணியாளர் மன்றத்துக்கு அங்கே இணைமுடிவு உரிமை உண்டு; அதன் சம்மதமின்றி முடிவெடுக்க முடியாது. செயற்கை நுண்ணறிவு தொடர்பாக அந்த மன்றம் நிபுணரை அமர்த்திக்கொள்ளும் வழியையும் 2021-இல் எளிதாக்கினார்கள். இது வேகத்தைக் குறைக்கிறது என்று முதலாளிகள் குறைப்படுவதுண்டு. ஆனால் மேலே சொன்ன சென்சார் இயந்திரத்தை அளக்கிறதா, ஆளை அளக்கிறதா என்று தெளிவாகாத பட்டறையில், அதன் கம்பி ‘தற்செயலாக’ அடிக்கடி கழன்றுவிடும்.

விதிகளைத் தனித்தனியாக எழுதுவது

மேற்கண்ட குறைகள் பலவற்றைச் சரிசெய்யத்தான் விதிகள் வருகின்றன. ஆனால் அவை வெவ்வேறு மேசைகளில் எழுதப்பட்டு, ஒரே ஆலையின் வாசலில் வந்து சேர்கின்றன. கட்டுப்பாட்டுப் பெட்டியோடு கூடிய பொதியிடும் இயந்திரம் செய்யும் 60 பேர் கொண்ட நிறுவனத்துக்குத் தரவுச் சட்டம் உண்டு. இயந்திரத் தயாரிப்பு என்பதால், இணையப் பாதுகாப்புக்கான நிஸ்-2 நெறியாணையும் உண்டு. உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்க வேண்டிய கெடு 2024 அக்டோபர் 17, பல நாடுகள் அதைத் தவறவிட்டன. புதிய இயந்திர ஒழுங்குவிதி 2027 ஜனவரி 20 முதல் பொருந்தும். டிஜிட்டல் கூறுள்ள பொருள்களுக்கான இணைய உறுதிச் சட்டத்தின்படி, தாக்குதலுக்கு உள்ளாகும் பலவீனங்களை அறிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11-இல் தொடங்குகிறது; மற்றவை 2027 டிசம்பர் 11 முதல். பொருள் எங்கே செய்யப்பட்டாலும், ஒன்றியச் சந்தைக்கு வந்தால் இச்சட்டம் பொருந்தும். கோயம்புத்தூரிலிருந்து இணைய வசதியுள்ள பம்ப் கட்டுப்பாட்டுப் பெட்டியை அனுப்புபவருக்கும் விலக்கில்லை. ஒவ்வொரு விதிக்கும் நியாயம் உண்டு. ஆனால் அந்த 60 பேரில் இவற்றைப் படிக்கப்போவது பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். பழைய அரைப்பு இயந்திரத்துக்குச் சென்சார் மாட்டத் தெரிந்தவரும் அவராகவே இருப்பார்.