சாகர் போகிறீர்களா? முதலில் லாஞ்சைப் பிடியுங்கள்

போன மாதம் ஒரு தம்பி தன் பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணே, ஒருதடவ பாத்துச் சொல்லுங்க" என்றார். கிருஷ்ணா நதியில் அணை இருக்கும் நாகார்ஜுனசாகருக்கு இருபது பேரைக் கூட்டிப் போகிறாராம். காலையில் புத்தவனம் என்கிற பௌத்தப் பூங்கா, பிறகு மதியச் சாப்பாடு, மூன்று மணிக்கு லாஞ்சில், அதாவது மோட்டார் படகில், நாகார்ஜுனகொண்டா தீவு. படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எழுத்துக்கு எழுத்து 2022-ல் நான் போட்ட திட்டம் அது.

தொப்பி, தண்ணீர் பாட்டில், பல்நாட்டு வெயில் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள். வருடக்கணக்கில் கிருஷ்ணா கரைக்கு ஆட்களைக் கூட்டிப்போய் நான் பட்டதையும், இன்னமும் புதிதாக வருகிறவர்கள் போய் விழுகிற பள்ளங்களையும் மட்டும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை போவது

தீவிலுள்ள அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. அவ்வளவுதான்.

தீவைக் கடைசிக்குத் தள்ளுவது

இந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஆறு ஒன்று, மாநிலம் இரண்டு. புத்தவனம் தெலங்கானாவில், இடது கரையில் இருக்கிறது. நாகார்ஜுனகொண்டாவுக்கு லாஞ்சு கிளம்புகிற விஜயபுரி சவுத், ஆந்திராவில் வலது கரையில். வரைபடத்தில் பார்த்தால் எட்டிப் பிடிக்கிற தூரம். ஆனால் அணையின் மேல் உங்கள் வேன் போக முடியாது, கீழே இருக்கும் பாலம் வழியாகச் சுற்ற வேண்டும். அணையின் 26 மதகுகளை ஆளுக்குப் பாதி என்று பங்கிடுவதிலேயே 2023 நவம்பரில் இரண்டு மாநிலப் போலீசும் நேருக்கு நேர் நின்ற இடம் அது. பிறகு மத்திய ரிசர்வ் போலீஸ் வந்து உட்கார்ந்தது.

ஹைதராபாத்திலிருந்து 150 கிலோமீட்டர் வருகிறவர்களுக்கு முதலில் எதிர்ப்படுவது புத்தவனம். வண்டி அங்கேயே நின்றுவிடும். 274 ஏக்கர். காலை நேரம், காற்று வேறு நன்றாக அடிக்கும். படம் எடுக்கவே ஒன்றரை மணி நேரம் ஓடிப்போகும். "படகுதானே, மத்தியானம் பாத்துக்கலாம்" என்று யாராவது ஒருவர் சொல்வார். 2022 டிசம்பரில் அதைச் சொன்னவன் நான்.

என்னோடு பதினேழு பேர், பெரும்பாலும் சென்னைக்காரர்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எழுபதைத் தாண்டியவர். அவருக்குப் புத்தரை விட சாயா ஸ்தம்பத்தில்தான் கண். இறந்துபோனவர்களுக்காக, இங்கே ஆண்ட இக்ஷ்வாகு அரசர்கள் காலத்தில் நட்ட நினைவுத் தூண்கள் அவை. அரசனுக்கும் உண்டு, போரில் செத்த வீரனுக்கும் உண்டு, ஒரு கைவினைஞனுக்குக்கூட உண்டு. நம் ஊர் நடுகல்லுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேனில் வழி நெடுக செங்கம் நடுகல்லையும் இதையும் ஒப்பிட்டுப் பேசிக்கொண்டே வந்தார்.

படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். டிக்கெட் ஜன்னல் பாதி மூடியிருந்தது. உள்ளே இருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல் "அயிப்போயிந்தி" என்றார். முடிந்துவிட்டது. தீவுக்கு 11 கிலோமீட்டர், போகவே முக்கால் மணி நேரத்துக்கு மேல். அருங்காட்சியகம் மூடுவதற்குள் பார்த்துத் திரும்ப வேண்டும் என்றால் கடைசி லாஞ்சு எப்போது கிளம்பியாக வேண்டும் என்பதை ஒரு சின்னக் கணக்குப் போட்டிருந்தாலே தெரிந்திருக்கும். நான் போடவில்லை.

சரி, இரவு தங்கிக் காலையில் போகலாம் என்று பதினேழு பேருக்கும் என் கைக்காசில் அறை போட்டேன். இரவுச் சாப்பாட்டின்போது தமிழாசிரியர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நாளைக்கு வெள்ளிக்கிழமையாச்சே. திறந்திருக்குமா?"

மேலே வெள்ளிக்கிழமை பற்றி ஏன் ஒரே வரியில் முடித்தேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஆகவே ஹைதராபாத்திலிருந்து வந்தாலும் புத்தவனத்தில் நிற்காமல் நேராகப் பாலத்தைத் தாண்டி விஜயபுரி சவுத் போய்விடுங்கள். நேரத்தை இணையத்தில் பார்த்து நம்ப வேண்டாம். முந்தைய நாளே துறையில் கேட்டுவிடுங்கள். வெள்ளம், பலத்த காற்று என்றால் லாஞ்சை நிறுத்திவிடுவார்கள். போதுமான ஆள் சேராவிட்டால் சேரும்வரை நிற்கும். முதல் லாஞ்சு தவறினாலும் அடுத்தது உண்டு என்ற தெம்பு காலையில் போகிறவனுக்குத்தான். இன்னொன்று, வந்த லாஞ்சிலேயே திரும்ப வேண்டும், தீவில் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். இறங்கியதும் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்காமல் அருங்காட்சியகத்துக்குள் நுழையுங்கள், சிதிலங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். "பரவால்லண்ணே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். யாரோடு? கிருஷ்ணா நதியோடா?

தீவை ஏதோ ஒரு பழைய ஊர் என்று நினைப்பது

அது ஊர் இல்லை, ஊருக்குப் பக்கத்தில் இருந்த மலை உச்சி. ஊர் தண்ணீருக்குள் இருக்கிறது. 3-4ஆம் நூற்றாண்டுகளில் இக்ஷ்வாகுக்களின் தலைநகரான விஜயபுரி அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருந்தது. இடிபாடுகள் 1926-ல் கண்ணில் பட்டன. 1955 டிசம்பர் 10-ல் நேரு அணைக்கு அடிக்கல் நாட்டினார். தண்ணீர் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டுமென்று 1954 முதல் 1960 வரை தோண்டித் தீர்த்தார்கள். முக்கியமான சிலவற்றைப் பெயர்த்து வந்து மேட்டில் மறுபடி கட்டினார்கள். தீவில் நீங்கள் பார்க்கும் செங்கல் அடித்தளங்கள் இப்படி இடம்பெயர்ந்து வந்தவை.

அங்கே வட்டமான தூபி அடித்தளம் எதையாவது பார்த்தால் குனிந்து உள் சுவர்களைக் கவனியுங்கள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நடுவிலிருந்து விளிம்புக்குச் சுவர்கள் ஓடும், இடையில் மண் நிரப்பியிருப்பார்கள். சிலவற்றின் நடுவில் ஸ்வஸ்திகம். கட்டுமானத்துக்கும் பலம், தர்மச் சக்கரமும் ஆயிற்று. கட்டி முடித்தபின் வெளியே யாருக்கும் தெரியாத சக்கரம் அது. பெரும்பாலோர் அதன் மேல் கால் வைத்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

2022-ல் திறந்ததை இரண்டாயிரம் வருடப் பழசு என்பது

புத்தவனத்தின் மகாஸ்தூபி முன் நின்று "ஈராயிரம் ஆண்டு வரலாறு" என்று ஸ்டேட்டஸ் போடாதீர்கள். அது 2022 மே மாதம் திறக்கப்பட்டது. ஆந்திராவில் இருந்த பழைய பௌத்தத் தூபியான அமராவதித் தூபியை மாதிரியாக வைத்துக் கட்டிய புதுக் கட்டடம், 21 மீட்டர் உயரம். புதுசு என்பதால் மட்டமில்லை. சொல்லப்போனால் பழைய தூபி முழுசாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் பக்கத்தில் கிடையாது. ஒரே ஒரு பெரிய வித்தியாசம், இதற்குள் நுழையலாம். பழைய தூபிகளுக்கு 'உள்ளே' என்று ஒன்று கிடையாது, சுற்றி வருவது மட்டும்தான்.

சுற்றும்போது வலமாகவே சுற்றுங்கள். நாலு திசையிலும் மேடை போலத் துருத்திக்கொண்டு, அதன்மேல் ஐந்தைந்து தூண்கள் நிற்கும். ஆயகத் தூண்கள் என்பார்கள். பிறப்பு, துறவு, ஞானம், முதல் உபதேசம், பரிநிர்வாணம் என்று புத்தரின் வாழ்வில் ஐந்து கட்டங்களைக் குறிப்பவை. சாஞ்சியில் இதைத் தேடினால் கிடைக்காது, ஆந்திர நாட்டுக்கே உரிய அமைப்பு. நாகார்ஜுனகொண்டாவின் மகாசைத்தியம் என்ற பெரிய தூபியில் இந்தத் தூண்களை நிறுத்தியவர் சாந்தசிரி என்ற அரச குலப் பெண், மன்னர் சாந்தமூலனின் சகோதரி. மன்னர் அசுவமேத யாகம் செய்ய, அந்த வீட்டுப் பெண்கள் பௌத்தத்துக்குக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குழுவில் இதைச் சொன்னால் எப்போதும் பெண்கள் சிரிப்பார்கள், ஆண்கள் தூணை அண்ணாந்து பார்ப்பார்கள்.

அனுபுவைத் தவிர்ப்பது

லாஞ்சில் போய்வந்த களைப்பில் "போதும்பா" என்பார்கள். விடாதீர்கள். அனுபு வலது கரையிலேயே இருக்கிறது, படகும் டிக்கெட் ஜன்னலும் தேவையில்லை. நான்கு பக்கமும் படிக்கட்டு இருக்கைகள், நடுவில் செவ்வகமான களம். பள்ளத்தாக்கிலிருந்து பெயர்த்துவந்து இங்கே அடுக்கிய அரங்கம். பழைய இந்தியாவில் இந்த மாதிரி இன்னொன்றைச் சொல்வது கஷ்டம். சாயங்கால வெயிலில் கீழ்ப்படியில் உட்கார்ந்தால் கல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். லாஞ்சைக் கோட்டைவிட்ட அன்று தமிழாசிரியரை இங்கேதான் கூட்டிவந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

மதகு திறக்கிற நாளில் போவது

செய்தியில் வெள்ளை நுரையோடு படம் வந்தால் ஊரே கிளம்பும். சாலை அடைத்துக்கொள்ளும், லாஞ்சும் இருக்காது. அணையைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள்.

எழும்பூரைப் பார்க்காமல் கிளம்புவது

சென்னைக்காரர்களுக்கு மட்டும் இது. அமராவதியின் அசல் சிற்பங்களில் ஒரு பெரும்பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு பகுதி 1859-ல் கப்பலேறி லண்டன் போய்விட்டது. தூபியையே சின்னதாகச் செதுக்கிய பலகை ஒன்றைத் தேடிப் பிடித்து, ஆயகத் தூண்கள் எங்கே, குவிமாடம் எங்கே என்று விரல்விட்டு எண்ணிவிட்டுப் போங்கள். புத்தவனத்தில் கைடு இல்லாமலேயே சமாளிக்கலாம். எழும்பூருக்கும் வெள்ளிதான் விடுமுறை. சொல்லிவிட்டேன்.

மீன் வறுவல்

சாகர் மீன் நன்றாகத்தான் இருக்கும். லாஞ்சிலிருந்து இறங்கிவந்த பிறகு சாப்பிடுங்கள்.